அட்டை கிழிஞ்ச நாவல்களும் ரெண்டு மூட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மாத நாவல்கள பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கடைசியில எல்லாரும் சொல்ற மாதிரியே செல்போன் வந்துச்சு நாவல் செத்துப்போச்சுனு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. அதுதான் மனசுக்கு ஒப்பல. எழுதினவங்க பேரு வருது, அட்டைப்படம் வரைஞ்ச ஜெயராஜ் பேரு வருது, அத வித்த கடைய பத்தி மட்டும் யாரும் ஒரு வரி எழுத மாட்டேங்குறாங்க. எங்கப்பா கரூர் பஸ் ஸ்டாண்ட்ல இருபது வருஷத்துக்கு மேல பேப்பர் கடை வெச்சிருந்தாரு, ஸ்கூல் விட்டா நான் அங்கதான் கெடப்பேன், அதனால எனக்கு தெரிஞ்ச பக்கத்தையும் எழுதிடலாம்னு இத எழுதுறேன். கொஞ்சம் நீளமா போயிடும், வெட்டணும்னா வெட்டிக்கோங்க.

எங்க கடை அகலம் ஆறடி. முன்னாடி நைலான் கயிறு கட்டி துணி காயப்போடுற க்ளிப்புல நாவல் எல்லாம் வரிசையா தொங்கும். மாசம் பொறந்தா கட்டு வந்து எறங்கும், சணல் கயித்த அறுத்ததும் ஒரு வாசம் அடிக்கும் பாருங்க, நியூஸ் பிரிண்ட்டும் மையும் சேந்து, இன்னிக்கும் மூக்குலயே நிக்குது. ராணி முத்து, மாலைமதி, கண்மணி, பாக்கெட் நாவல், க்ரைம் நாவல், இன்னும் ஆறு மாசத்துல காணாம போன பேருங்க எத்தனையோ. அப்பா அஞ்சாங்கிளாஸ்தான், ஒரு நாவலும் முழுசா படிச்சதில்ல. ஆனா வர்ற ஆளு மூஞ்சிய பாத்தே எடுத்து நீட்டுவாரு. தோல் பை வெச்ச மெடிக்கல் ரெப்னா ராஜேஷ்குமார். காலேஜ் பசங்கன்னா பட்டுக்கோட்டை பிரபாகர், இல்லனா சுபா. ஜவுளி கம்பெனியில தையலுக்கு போற அக்காங்க நாலு பேரா வருவாங்க, ரமணிசந்திரன் ஒண்ணு வாங்கி நாலு பேரும் மாத்தி மாத்தி படிச்சுக்குவாங்க. தப்பா எடுத்துக்குடுத்து திட்டு வாங்கி நான் பாத்ததே இல்லைங்க.

கோயமுத்தூர் பஸ்ஸு கெளம்புறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம்தான் அவரோட பீக் அவர். டிரைவர் ஏறி ஹாரன் அடிச்சுட்டா ஜன்னல் வழியா கை நீளும், சில்லறை வாங்கிட்டு புத்தகத்த தூக்கிக் குடுக்கணும். கரூர்ல ஏறி உக்காந்து முதல் பக்கம் பிரிச்சா வெள்ளகோவில்ல பொணம் கெடைக்கும், காங்கயத்துல சந்தேகம் வேற ஒருத்தன் மேல திரும்பும், பல்லடம் தாண்டி சூலூர் வர்றதுக்குள்ள ராஜேஷ்குமாரோட துப்பறிவாளர் விவேக் எல்லாத்தையும் அவுத்து வெச்சுடுவாரு. அந்தக் காலத்துல நூறு பக்கத்து நாவல் ஒண்ணு மூணு மணி நேர பஸ்ஸுக்கு அளவெடுத்து தெச்ச சட்டை மாதிரிங்க. ராஜேஷ்குமார் ரெண்டு தனித்தனி கதைய மாத்தி மாத்தி சொல்லிட்டே போயி கடைசியில முடிச்சு போடுவாரே, அதுகூட பஸ்ஸுக்குன்னே யோசிச்ச மாதிரிதான் எனக்கு படும், ஏன்னா ஒரு ஊரு ஸ்டாப்புல தூங்கி முழிச்சாலும் அடுத்த அத்தியாயத்துல தொடர்பு புடிச்சுக்கலாம்.

இதெல்லாம் திடீர்னு மொளச்சது இல்ல. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்துலயே துப்பறியும் நாவலுக்கு ஜனங்க அலைஞ்சாங்க, வை.மு.கோதைநாயகி அம்மா 1925ல இருந்து ஜகன்மோகினி பத்திரிகைய கையில வெச்சுக்கிட்டு அதுலயே தன் நாவல்கள எழுதினாங்க. அப்புறம் வாரப் பத்திரிகை தொடர்கதை காலம். எங்க பாட்டி அந்த தொடர்கதை பக்கங்கள கிழிச்சு சேத்து பைண்ட் பண்ணி டிரங்க் பெட்டியில வெச்சிருந்துச்சு. வாராவாரம் காத்திருக்க பொறுமை இல்லாத ஜனத்துக்கு முழுக்கதையும் ஒரே மூச்சுல, கம்மி காசுல குடுத்தா என்னனு வந்ததுதான் மாத நாவல். 1969ல ராணி முத்து வந்துச்சு, பின்னாடியே குமுதம் வீட்டுல இருந்து மாலைமதி வந்துச்சு, அந்த மாலைமதியிலதான் 1980ல ராஜேஷ்குமாரோட முதல் நாவல் வந்தது. அதுக்கப்புறம் அவரு எழுதினது ஆயிரத்தி ஐந்நூறையும் தாண்டிருச்சுனு சொல்றாங்க. எண்பதுகள்ல பதிப்பாளர் ஜி.அசோகன் மாதிரி ஆளுங்க எழுத்தாளர் பேருக்குன்னே தனித்தனியா மாத இதழ் போட ஆரம்பிச்சதும் எங்க கடை கயிறு பத்தல, இன்னொரு கயிறு கட்டினோம்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். அது பாக்குறதுக்குத்தாங்க புத்தகம், கணக்குல அது பத்திரிகை. முழு நாவல் ஒண்ணு இருந்தாலும் மாத இதழ்னு பேரு, இதழ் நம்பர் இருக்கும், கடைசிப் பக்கத்துல ஆசிரியர், அச்சிட்டவர், வெளியிட்டவர்னு பொடி எழுத்துல போட்டிருக்கும், நடுவுல வாசகர் கேள்வி பதில்கூட இருக்கும். இந்த ஒரு காரணத்தாலதான் அது ஊர் ஊரா பாஞ்சுச்சு. புத்தகம்னா புத்தகக் கடைக்கு போகணும், அப்ப எங்க ஊருல ஸ்கூல் கைடு விக்கிற கடைதான் புத்தகக் கடை. பத்திரிகைன்னா நாளிதழ் போற ஏஜென்ட் வழியிலயே பொட்டிக்கடை, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன், சலூன் கடை வரைக்கும் தானா போயி சேந்துரும். முன்பணம் கெடையாது, வித்தா காசு, விக்கலன்னா ரிட்டர்ன். அப்பாவுக்கு ரூபாய்க்கு கால் ரூபா கிட்ட நிக்கும், நட்டம்னு ஒண்ணு கெடையாது, அதனால எந்தப் புது பேரு வந்தாலும் தைரியமா தொங்கவிடுவாரு.

அந்த ரிட்டர்ன்தான் என்னோட லைப்ரரி. மாசக் கடைசியில விக்காதத எண்ணி கட்டணும். சில கம்பெனி முழுப் புத்தகமும் கேப்பாங்க, ஆனா பல பேருக்கு அட்டைய மட்டும் கிழிச்சு அனுப்பினா போதும், லாரி கூலி மிச்சம். நானும் தங்கச்சியும் திண்ணையில உக்காந்து சர்ரு சர்ருனு அட்டைய கிழிப்போம், அப்பா அத நூல் போட்டு கட்டுவாரு. மொட்டையா நிக்கிற புத்தகம் எடைக்குப் போகும். போறதுக்குள்ள எத்தன படிக்க முடியுமோ அத்தனையும் நான் படிச்சிருவேன். பல இதழ்ல தலைப்பும் பேரும் அட்டையில மட்டும்தான் பெருசா இருக்கும், அது போயிட்டா உள்ள நேரா அத்தியாயம் ஒண்ணுதான். அதனால நான் படிச்ச நூத்துக்கணக்கான நாவல்ல பாதிக்கு மேல என்ன பேருனே எனக்கு தெரியாது. பரத் சுசீலா வந்தா பிரபாகர், சுசீலா டிஷர்ட்டுல என்ன வாசகம்னு பாத்தாலே போதும். நரேந்திரன் வைஜயந்தி வந்தா சுபா, எவனாவது 'ஙே'னு முழிச்சா ராஜேந்திரகுமார், இப்படி உள்ள இருக்குற ஆளுங்கள வெச்சு எழுதினவர கண்டுபுடிக்கிறதே எங்க ரெண்டு பேருக்கும் துப்பறியும் விளையாட்டு.

எல்லாமே ஒசத்தினு சொல்ல வரலைங்க. அவசரத்துல எழுதினது அப்பட்டமா தெரியும், நாப்பதாம் பக்கத்துல ரமேஷா இருந்தவன் அறுபதுல சுரேஷா மாறியிருப்பான். அட்டைப்படம் சிலத அம்மா முன்னாடி வெக்கவே கூச்சமா இருக்கும், அப்பாவே அத பின்வரிசைக்கு தள்ளிடுவாரு. குடும்பக் கதைங்கள்ல அறைஞ்சவனையே கட்டிக்கிற கதாநாயகிங்கள இப்ப படிச்சா கோவம்தான் வருது. ஆனா ஒண்ணு, ஜவுளி கம்பெனி அக்காங்க நாலு பேருல ஒருத்தங்க எட்டாவதோட நின்னவங்க, எழுத்துக்கூட்டி ஆரம்பிச்சு வருஷம் திரும்புறதுக்குள்ள ஒரே நைட்டுல ஒரு நாவல் முடிக்க ஆரம்பிச்சாங்க.

சரி, எப்படி விழுந்துச்சு? செல்போனுக்கு ரொம்ப முன்னாடியே விழ ஆரம்பிச்சுருச்சுங்க. 1993ல சன் டிவி வந்துச்சு, கொஞ்ச வருஷத்துல சாயங்காலம் ஆனா வீடு வீடா சீரியல், 1999 கடைசியில சித்தி வந்தப்ப ஒம்பதரை மணிக்கு தெருவே அடங்கிப்போச்சு. கண்மணி வாங்குன கை மொதல்ல கொறஞ்சுச்சு. எழுதினவங்களும் அந்தப் பக்கம் போனாங்க, இந்திரா சௌந்தர்ராஜன் மர்மதேசம் சீரியலுக்கு எழுதினாரு, சுபா பின்னாடி கே.வி.ஆனந்த் படங்களுக்கு எழுதினாங்க, நல்ல காசு எங்க வருதோ அங்க போறதுல தப்பு என்ன இருக்கு. ஆம்பளைங்க க்ரைம் வாங்குறத உடனே நிறுத்தல, பஸ்ஸுலயே டிவி மாட்டி சினிமா போட ஆரம்பிச்ச அன்னிக்குத்தான் அப்பா 'இனி அவ்வளவுதான்டா'னு சொன்னாரு. செல்போன் வந்தப்ப பாதி உசுரு ஏற்கனவே போயிருந்துச்சு.

ஆனா கடைக்காரன் கணக்கு ஒண்ணு இருக்கு, அத யாரும் எழுதல. நாவல் விலை கம்மி, கம்மி விலையில கமிஷனும் கம்மி. அதே ஒரு சாண் கயித்துல சிப்ஸ் பாக்கெட் தொங்கவிட்டா நாலு மடங்கு நிக்கும், ஷாம்பு சாஷே இன்னும் மேல. பஸ் ஸ்டாண்ட் கடை வாடகை ஏலத்துக்கு ஏலம் ஏறுச்சு. அப்பா ஒரு கயித்த சிப்ஸுக்கு விட்டாரு, அடுத்த வருஷம் இன்னொண்ண ரீசார்ஜ் கூப்பனுக்கு விட்டாரு. தொங்கலன்னா ஜன்னல்ல இருந்து யாரு கண்ணுக்கு தெரியும்? கண்ணுக்கு தெரியலன்னா யாரு கேப்பாங்க? இதத்தான் நான் சொல்றேன், படிக்கிறவன் போனதால மட்டும் கடை போகல, கடை போனதாலயும் படிக்கிறவன் போனான். 2020 ஊரடங்குல பஸ்ஸு ரயிலு நின்னு மிச்சம் இருந்த ரெண்டு மூணு கடையும் மூடுச்சு, கல்கி மாதிரி பேரெடுத்த பத்திரிகையே அந்த வருஷம்தான் அச்சு நிறுத்துச்சு. இப்பவும் சில மாத நாவல் வருது, ஆனா பஸ் ஸ்டாண்ட்ல போயி கேட்டுப் பாருங்க, வாட்டர் பாட்டில எடுத்துக் குடுப்பாங்க.

படிக்கிற ஆசை போயிருச்சானு கேட்டா அதுவும் இல்ல. என் பொண்டாட்டி செல்போன்ல பிரதிலிபிங்கிற கதை ஆப்புல நைட்டு பன்னெண்டு வரைக்கும் தொடர்கதை படிக்கிறா, அடுத்த பாகம் எப்ப போடுவீங்கனு எழுதினவங்களையே கேட்டு உசுர வாங்குறா. கிண்டில்ல 2016 கடைசியில தமிழ் வந்ததுல இருந்து குடும்ப நாவல் எழுதுற பொண்ணுங்க எத்தனையோ பேரு அங்க இருக்காங்க. பாட்டி வாராவாரம் காத்திருந்த மாதிரியே இவ காத்திருக்கா, பைண்ட் பண்ணத்தான் முடியாது.

இப்ப என் ஆதங்கத்துக்கு வரேன். அப்பா காலமானதுக்கு அப்புறம் பரண்ல இருந்து ரெண்டு மூட்டை நாவல் கெடச்சுச்சு, கொஞ்சம் அட்டையோட, மிச்சம் மொட்டை. எடைக்கு போட மனசு வரல. ஒரு நூலகத்துக்கு ஆட்டோ வெச்சு எடுத்துட்டு போனேன், எந்த நூலகம்னு வேணாம், அங்க இருந்தவரு மரியாதையாத்தான் பேசினாரு. ஒண்ண எடுத்து கடைசிப் பக்கத்த பாத்துட்டு, 'இது புத்தகம் இல்லைங்க, பத்திரிகை, பழைய பத்திரிகைய நாங்களே வருஷா வருஷம் கழிச்சு ஏலம் விடுறோம்'னாரு. வாய அடைச்சுக்கிட்டேன். எது அத ஊர் ஊரா கொண்டு போச்சோ அதே பேருதான் அத அலமாரியில ஏற விடல. இதுல வேடிக்கை பாருங்க, 2008ல சென்னையில ப்ளாஃப்ட் பதிப்பகம் இதே கதைங்கள்ல சிலத ப்ரீதம் சக்ரவர்த்தி மொழிபெயர்ப்புல இங்கிலீஷ்ல தொகுப்பா போட்டாங்க, நல்ல தாள், நல்ல அட்டை, அது எந்த லைப்ரரிக்கும் புத்தகமா உள்ள போகும். தமிழ்ல வந்த மூலம் ஆட்டோவுல திரும்பி வருது.

காமிக்ஸுக்கு இந்த கதி வரல, 1972ல வந்த முத்து காமிக்ஸ பசங்க பொத்தி பொத்தி வெச்சிருந்தாங்க, பழைய இதழுக்கு இன்னிக்கு ஆயிரக்கணக்குல குடுக்க ஆளு இருக்கு. நாவல்கள பெரியவங்க படிச்சாங்க, படிச்சுட்டு ஸீட்டுலயே வெச்சுட்டு எறங்கிட்டாங்க.

நான் கேக்குறது பெருசு இல்ல. 1954 சட்டப்படி வெளியாகுற புத்தகத்துல ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு போகணும், 1956ல பத்திரிகைகளையும் அதுல சேத்துட்டாங்க. அப்படின்னா அங்க எந்தெந்த மாத நாவல் எத்தன இதழ் இருக்குனு ஒரு பட்டியல் எடுத்து வெளிய போடலாம், இல்லாதத எங்கள மாதிரி ஆளுங்க கிட்ட கேக்கலாம். மாவட்ட மைய நூலகங்கள்ல ஒரே ஒரு அலமாரி ஒதுக்கலாம். ரோஜா முத்தையா அந்தக் காலத்துல யாரும் சீண்டாத நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் எல்லாம் சேத்து வெச்சாரு, அவரு சேகரிப்ப வெச்சு 1994ல ஆராய்ச்சி நூலகமே வந்துச்சு. அட்டை இல்லாதத என்ன பண்றதுனு கேட்டா அதுக்கும் வழி இருக்கு, என் தங்கச்சிய கூப்பிடுங்க, ரெண்டு பக்கம் படிச்சுட்டு யாரு எழுதினதுனு சொல்லிடுவா.

ஒண்ணே ஒண்ணு அவளுக்கும் தெரியல. ஊட்டி ரயில்ல ஒரு பொண்ணு குடைய மறந்து வெச்சுட்டு எறங்கிடுவா, அத திருப்பிக் குடுக்கப் போறவன் அந்த வீட்டுல அதே பொண்ணோட படத்துக்கு மாலை போட்டிருக்குறத பாப்பான். எங்க பிரதியில எண்பத்தஞ்சாம் பக்கத்துக்கு மேல கரையான் தின்னுருச்சு. தெரிஞ்ச வாசகர்கள் இருந்தா நாவல் பேரையும், முடிஞ்சா முடிவையும் இந்தப் பகுதிக்கே எழுதி அனுப்பினா புண்ணியமா போகும்.

இப்படிக்கு,
பழைய பேப்பர் கடைக்காரர் மகன்,
கரூர்.