'யூஸ்டு டு' என்றால் வழக்கமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பனில் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகும் மீனவர் ஒருவரின் மகள், கல்வி உதவித்தொகை கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் 'மை ஃபாதர் யூஸ்டு டு கோ ஃபார் ஃபிஷிங்' என்று ஒரு வரி எழுதியிருந்தாள். நேர்காணலில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, "அப்பா தொழிலை எப்போது விட்டார்? இப்போது வீட்டுக்கு வருமானம் எது?" என்று கேட்டிருக்கிறார். அன்று விடியற்காலையில்கூட வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போன தகப்பனைப் பற்றி இப்படி ஏன் கேட்கிறார்கள் என்று புரியாமல் அந்தப் பெண் விழித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கேட்டவர்மீது பிழையில்லை, அவள் எழுதிய வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் அதுதான் பொருள்.

முப்பதாண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்பதால், இந்தப் பிழை எங்கே பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். 'யூஸ்டு டு' என்றால் 'வழக்கம்' என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம் (நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொன்னேன்). தமிழில் 'போவது வழக்கம்' என்றால் இன்றும் போகிறார் என்று பொருள். 'யூஸ்டு டு'வோ முன்பு இருந்து இப்போது இல்லாமல் போனதைச் சொல்வது. 'அப்பல்லாம் போவாக' என்று எங்கள் பக்கம் பேசுகிறோமே, அதற்கு நேரானது.

இதற்கு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டாத ஊர் எங்களுடையது. 1964 டிசம்பர் புயலுக்கு முன் தனுஷ்கோடி வரை ரயில் போனது. ஆகவே 'ட்ரெயின்ஸ் யூஸ்டு டு ரன் டு தனுஷ்கோடி' என்பதில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். 1914-இல் திறந்த பாம்பன் தூக்குப்பாலத்தின் இரண்டு இறக்கைகளையும் ஆட்கள் நின்று கையால் சுழற்றித் திறப்பார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் நடுப்பகுதி மின்விசையில் செங்குத்தாக மேலேறுகிறது. பழைய பாலத்தைப் பற்றிச் சொல்ல 'யூஸ்டு டு' பொருந்தும். ஆனால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாமலிருப்பது ஆண்டுதோறும் நடப்பது. அந்த வாக்கியத்தில் 'யூஸ்டு டு' நுழைந்தால் தடைக்காலத்தையே எடுத்துவிட்டதாக ஆகிவிடும். அந்தப் பெண்ணும் 'மை ஃபாதர் கோஸ் ஃபிஷிங்' என்று எழுதியிருந்தால் போதும். இடையில் வந்த 'ஃபார்' கூட வேண்டாதது.

முன்னால் 'ஆம்', 'இஸ்' சேர்ந்துவிட்டாலோ, இதே சொற்களுக்குப் பழகிப்போனது என்று பொருள் வந்துவிடும். வளைகுடா வேலைக்கு மனு எழுதும் கீழக்கரை, பெரியபட்டினம் பிள்ளைகள், வெயிலில் வேலை பார்த்துப் பழகியவன் என்று சொல்ல நினைத்து 'ஐ யூஸ்டு டு வொர்க் இன் தி ஹீட்' என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். படிக்கிறவருக்கு அது, முன்பு வெயிலில் வேலை பார்த்தேன், இப்போது பார்ப்பதில்லை என்று படும். 'ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங்' என்றுதான் எழுத வேண்டும். 'வொர்க்' என்று நிறுத்தவும் கூடாது.

பேச்சில் 'யூஸ்டு'வின் கடைசி ஒலி கரைந்துபோவதால், பலர் எல்லா இடத்திலும் 'யூஸ் டு' என்றே எழுதிவிடுகிறார்கள். 'டிட்' வரும் வாக்கியங்களில் மட்டுமே அது சரி.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் இதை ஒருமுறை விளக்கி வெளியிட வேண்டுகிறேன். கையேடு அச்சிடுவோரும் 'வழக்கம்' என்பதற்கு முன்னால் 'முன்பு' என்ற ஒரு சொல்லைச் சேர்க்கலாம். அதற்குக் கூடுதல் தாள் ஒன்றும் ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.