அந்த முதல் இரவில் நீங்கள் சொல்லும் பதில்: தொழிற்சங்க நிர்வாகிகளுக்கும் ஊர்த் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டம் கூடலூர், பந்தலூர் வட்டங்களின் தோட்டத் தொழிற்சங்க நிர்வாகிகளுக்கும் ஊர்த் தலைவர்களுக்கும் வணக்கம்.

வக்கீல் குமாஸ்தாவாக 26 ஆண்டுகள் இந்த மலையின் நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கியவன் நான். இப்போது ஓய்வில் இருக்கிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீட்டுப் பையன் ஒருவனைப் போலீஸ் அழைத்துப்போனால், அந்தக் குடும்பம் முதலில் வக்கீலைத் தேடிப் போவதில்லை. உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறது. நீங்களும் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, மனம் பொறுக்காமல், உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறீர்கள்: “இலவச வக்கீல் வேண்டாம். அவர் கவர்மெண்ட் வக்கீல், போலீஸ் பக்கம்தான் பேசுவார். எதையாவது விற்றுச் சொந்தமாக ஒரு வக்கீலை வையுங்கள்.” இந்த ஒரு பதிலைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல்.

சேரம்பாடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ஆடி மாத மழை. சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்திருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். ரேஷன் கார்டு, ஆதார், கணவரின் இறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டுகள், கடைசியாக ஓர் அடகுச் சீட்டு. கோயில் திருவிழாவில் நடந்த அடிதடியில் அவருடைய மகன் கைதாகி நான்கு நாட்கள் ஆகியிருந்தன. காதில் கிடந்த தோட்டை அடகு வைத்து 18,000 ரூபாயை ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். வாங்கியவர் வக்கீல் இல்லை, வக்கீலைத் தெரிந்தவர். “நாளைக்கு ஜாமீன்” என்று சொல்லிப் போனவர், அதன் பிறகு போனை எடுக்கவில்லை.

பதிவேட்டைப் பார்த்தோம். அந்தப் பையனுக்காக வக்காலத்தும் இல்லை, ஜாமீன் மனுவும் இல்லை. அதைவிட நெஞ்சை அறுத்தது இன்னொன்று. ரிமாண்ட் செய்த, அதாவது காவலில் வைக்க உத்தரவிட்ட அன்று நடுவர் (மாஜிஸ்திரேட்) அவனிடம் “உனக்கு வக்கீல் இருக்கிறாரா?” என்று கேட்டிருக்கிறார். “வீட்டில் வைத்திருக்கிறார்கள்” என்று அவன் சொல்லியிருக்கிறான். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே சட்ட உதவியிலிருந்து ஒருவர் வந்திருப்பார்.

நீங்கள் “கவர்மெண்ட் வக்கீல்” என்று சொல்கிறீர்களே, அந்த ஒரே பெயரில் இரண்டு வேறு ஆட்களைக் கலந்துவிடுகிறீர்கள். அரசுத் தரப்புக்காக, அதாவது போலீஸ் போட்ட வழக்கை நடத்துவதற்காக நிற்பவர் அரசு வழக்கறிஞர். இலவச சட்ட உதவிக்கென்றே உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு கொடுக்கும் வக்கீல் உங்கள் பையனுக்காக நிற்பவர். அவரை அனுப்புவது போலீஸும் இல்லை, கலெக்டர் அலுவலகமும் இல்லை. மாவட்ட ஆணைக்குழுவுக்குத் தலைவர் மாவட்ட நீதிபதி. சம்பளம் அரசுப் பணத்திலிருந்து வருகிறது என்பது உண்மைதான். நீதிபதியின் சம்பளமும் அங்கிருந்துதான் வருகிறது.

இது யாரோ இரக்கப்பட்டுப் போடும் பிச்சையும் அல்ல. 1976-இல் இலவச சட்ட உதவிக்காக அரசியலமைப்பில் 39ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 1987-இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, 1986-இல், சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: குற்றம் சாட்டப்பட்ட ஏழை வாய் திறந்து கேட்கவில்லை என்பதற்காக அவனுக்கு வக்கீல் கொடுக்காமல் விட முடியாது, உனக்கு இந்த உரிமை இருக்கிறது என்று நீதிமன்றமே அவனுக்குச் சொல்ல வேண்டும் என்றது.

“எங்களுக்குக் கிடைக்காது, வருமானச் சான்று கேட்பார்கள்” என்றும் சொல்கிறீர்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குடும்பங்கள் இதில் வந்துவிடுகின்றன. இவர்களில் எவரும் இல்லாவிட்டாலும், காவலில் இருப்பவர் என்ற ஒரே காரணம் போதும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவரின் பேரனாக இருக்கட்டும், படகர் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும், சிறைக்குள் போய்விட்டால் அவனுக்கு அந்த உரிமை உண்டு.

இனி என் மனதில் இருப்பதை மறைக்காமல் சொல்கிறேன். இலவச வக்கீல்கள் எல்லோரும் நன்றாக வேலை செய்தார்கள் என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். கேஸ் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எழுந்து நின்று வாய்தா கேட்டவரைப் பார்த்திருக்கிறேன். பத்து வழக்குகளை ஒரே நாளில் போட்டு வைத்திருந்த தனியார் வக்கீலும் அதையேதான் செய்தார். இலவச வக்கீலிடம் ஏமாந்தவருக்குப் பணம் போகவில்லை, தனியாரிடம் ஏமாந்தவருக்குத் தோடும் போனது. 2022-இல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த திட்டத்தில், குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுவதற்கென்றே முழுநேர வக்கீல்களை அமர்த்துகிறார்கள். அவர்கள் வெளியில் தனி வழக்கு எடுக்கக் கூடாது. தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும். ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ வரக்கூடிய வழக்கென்றால், சட்ட உதவியில் வருபவர் 10 ஆண்டுகளாவது தொழில் செய்தவராக இருக்க வேண்டும் என்று 2019-இல் அனோகிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தனியார் வக்கீல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வசதி இருந்து, அந்த வகை வழக்கை ஏற்கெனவே நடத்திப் பழகிய ஒருவர் நேரில் வந்து கட்டை வாங்கிப் படித்தால், தாராளமாக அவரை வையுங்கள். கொலை வழக்கு, கஞ்சா வழக்கு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டிய வழக்கு என்றால் அந்தப் பழக்கத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த முடிவை அந்த முதல் இரவில் எடுக்க வேண்டியதில்லை. சட்ட உதவி வக்கீலை முதல் நாளில் நிறுத்திவிட்டு, பத்து நாள் விசாரித்துச் சொந்த வக்கீலை அமர்த்தலாம். கையில் பணம் தீர்ந்துபோனால் நடுவழியில் சட்ட உதவிக்குத் திரும்பலாம். கட்டணப் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க எந்த வக்கீலுக்கும் உரிமை இல்லை. அதையும் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

ஒரு வக்கீல் நல்லவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பார்த்தது ஒன்றைத்தான். அவர் நாளை எண்ணுகிறாரா? ரிமாண்ட் ஆன நாளிலிருந்து, பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய பெரிய குற்றமென்றால் 90 நாட்கள், மற்றவற்றுக்கு 60 நாட்கள். அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிவிடுகிறது. ஆனால் அவர்கள் தாக்கல் செய்வதற்கு முன்பே மனு போட்டிருக்க வேண்டும். ஒருநாள் தூங்கினால் அந்த உரிமை கையை விட்டுப் போய்விடும். அந்தச் சேரம்பாடிப் பையனுக்குச் சட்ட உதவியில் வந்த இளம் வக்கீல், முதல் நாளே தன் நாட்காட்டியில் அறுபதாம் நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். அந்த நாள் வருவதற்கு வெகு முன்பே ஜாமீன் வாங்கிவிட்டார் என்பது வேறு விஷயம். பையனைச் சிறையில் போய்ப் பார்த்து, அவன் சொன்னதைக் கேட்டு எழுதிய மனு அது.

ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் பையன் வெளியே வரவில்லை. நம் மலையின் துயரம் இங்கேதான் இருக்கிறது. இரண்டு ஜாமீன்தாரர்கள், வீட்டு வரி ரசீதுடன் வர வேண்டும். லயன் வீடு கம்பெனி வீடு. ஜன்மம் நிலத்தில், அதாவது பழைய ஜன்மிகளின் (நிலக்கிழார்களின்) நிலத்தில் குடியிருப்பவரிடம் பட்டா இல்லை. ரசீதுக்கு எங்கே போவது? அம்மாவின் தம்பி கேரளத்துச் சுல்தான் பத்தேரியில் சொந்த வீட்டில் இருந்தார், ஆனால் வேறு மாநிலத்துச் சொத்தைக் காட்டலாமா என்று எல்லோரும் தயங்கினார்கள். அந்த இளம் வக்கீல்தான் 1978-ஆம் ஆண்டு மோதி ராம் தீர்ப்பை எடுத்துக் காட்டினார். அதில் ஜாமீன் கேட்டவர் ஓர் ஏழைக் கொத்தனார். ஜாமீன்தாரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி மறுக்கக் கூடாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதியிருக்கிறார். மாமன் வந்து கையெழுத்துப் போட்டார். மருமகன் வெளியே வந்தான்.

அந்த அம்மாவின் தோடு இன்னும் மீட்கப்படவில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. இனி நள்ளிரவில் யாராவது கதவைத் தட்டினால், விற்க என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். எந்த நிலையம், எத்தனை மணிக்கு அழைத்துப்போனார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கைது செய்தவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். வக்கீல் உண்டா என்று நடுவர் கேட்டால், இல்லாதபோது இல்லை என்று சொல்லச் சொல்லி அனுப்புங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட விடாதீர்கள். பணம் கொடுப்பதென்றால் வக்கீலின் கையிலேயே கொடுத்து ரசீது வாங்கச் சொல்லுங்கள். இடையில் நிற்பவர் உங்கள் சொந்தக்காரராகவே இருந்தாலும் அவரிடம் கொடுக்க வேண்டாம்.

15100 என்பது சட்ட உதவிக்கான இலவசத் தொலைபேசி எண். இலை நிறுக்கும் கொட்டகையிலும், சங்க அலுவலகச் சுவரிலும், மாரியம்மன் கோயில் வாசலிலும் அதைப் பெயின்டால் பெரிதாக எழுதி வையுங்கள். பெயின்டும் தூரிகையும் நான் கொண்டு வருகிறேன். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவன்,
பந்தலூர் வட்டம், நீலகிரி