மேல் வீட்டுக் கல்யாணம்

சர்ரே, கனடா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவுக்குக் கால் வலி குறைந்ததா? மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள். இங்கே குளிர் விட்டுவிட்டது. வேலையும் பரவாயில்லை.

மேல் வீட்டுப் பஞ்சாபிக்காரர்களின் மகளுக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவள்தானே என்று என்னை ஒதுக்கவில்லை, எல்லாவற்றுக்கும் கூப்பிட்டார்கள். முந்தின ராத்திரி ‘ஜாகோ’. அதில் தாய்மாமன் வீட்டார் கைதான் ஓங்கியிருக்கும். சுற்றிலும் விளக்கு வைத்த பித்தளைக் குடத்தை மாமன் மனைவி தலையில் சுமக்க, நாங்கள் பாட்டும் கூத்துமாகத் தெருவைச் சுற்றி வந்தோம். ஊரில் மாவு விளக்கு ஏற்றுவார்களாம், இங்கே பேட்டரி விளக்கு. மாமன் வீட்டுப் பெண் ஒருவர் புதுச் சுளகைக் கம்பால் அடித்துக்கொண்டே ஆடி, கடைசியில் உடைத்தே விட்டார். ஆச்சி பார்த்திருந்தால் பதறியிருப்பார்கள். ஆனால் அதுவும் வழக்கம்தானாம்.

அப்புறம் கராஜில் ‘கித்தா’. சினிமாவில் நாம் பார்க்கிற பாங்ரா முன்பெல்லாம் ஆண்களின் ஆட்டமாக இருந்தது, இது பெண்களுடையது. ஒருத்தி ‘போலி’ என்கிற சின்னப் பாட்டை எடுத்துப் பாடுவாள். கடைசி வரி வந்ததும் மொத்தக் கூட்டமும் அதைப் பிடித்துக்கொண்டு வேகமாகக் கைதட்டும், இரண்டு பேர் நடுவில் இறங்கி ஆடுவார்கள். மாமியார் கொடுமை, பட்டாளத்துக்குப் போன புருஷன், தாய்வீட்டு ஏக்கம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாததெல்லாம் அந்தப் பாட்டில் வந்துவிடுகிறது. மாமியார்களும் பக்கத்தில் நின்று கைதட்டுகிறார்கள்! எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது.

மறுநாள் மாப்பிள்ளை அழைப்புக்கு ‘டோல்’ என்கிற பெரிய மேளம் வந்தது. ஒரு பக்கம் வளைந்த தடிக்கம்பு, மறுபக்கம் மெல்லிய பிரம்பு. அடி நெஞ்சில் விழுகிறது. வீட்டுத் தாத்தா இப்போது பாகிஸ்தானில் இருக்கிற சியால்கோட் பக்கம் பிறந்தவர், 1947-ல் சின்னப் பிள்ளையாக இந்தியப் பக்கம் வந்தவர். கோதுமை அறுப்பை ஒட்டி வைசாகித் திருநாளுக்கு ஆடுகிற பாங்ரா அவர்கள் பக்கத்து ஆட்டமாம். பிரிவினையில் ஊர் போனாலும் ஆட்டத்தை விடவில்லை, 1954 குடியரசு தின விழாவில் டெல்லியிலேயே ஆடினார்கள் என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

உங்கள் ஊரில் என்ன ஆடுவீர்கள் என்று கேட்டார்கள். கும்மி அடித்துக் காட்டினேன். உடனே பிடித்துக்கொண்டார்கள், இன்னும் பாட்டு வேண்டுமாம். முளைப்பாரிக்கு ஆச்சி பாடுகிற பாட்டுகளைத் தம்பியை போனில் பதிவு பண்ணி அனுப்பச் சொல்லுங்கள். ஆகஸ்டில் ‘தீயான்’ என்று பெண்கள் மட்டும் கூடுகிற விழா வருகிறது, அதற்குள் கிடைத்தால் நல்லது.

அன்பு மகள்