மாகாண அரையிறுதி வரைக்கும் போன நம்ம டீம்

ஹட்டன்
2025 செப்டம்பர்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். போட்டோவைக் காட்டினேன், அம்மா உன்னை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. முழங்கால் மட்டும் மழைக்கு வலிக்கும். கடைசி வரியில் நம்ம காலேஜ் உதைபந்து டீமைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதை விரிவாக எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன்.

இருபது வயதுக்குட்பட்ட டீம் மாகாண அரையிறுதி வரைக்கும் போனது. கோட்டம், வலயம் இரண்டிலும் நாங்கள்தான் முதலாவது. மாகாணம் என்றால் கண்டி, மாத்தளை, நுவரெலியா மூன்று மாவட்டமும் வரும் என்று உனக்குத் தெரியும். அங்கே கண்டிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். கடைசிப் பத்து நிமிடத்தில்தான் இரண்டாவது கோல் விழுந்தது. அதுவரைக்கும் பையன்கள் ஓடிய ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஏன் தோற்றோம் என்று நிறைய யோசித்தேன். நம்ம கிரவுண்டை உனக்கு மறந்திருக்காது. மே கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்தால் கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் எல்லாம் நனைந்தே கிடக்கும். மலைக்கு அந்தப் பக்கம் வெலிமடையிலும் பண்டாரவளையிலும் அதே நாட்களில் கச்சான் காற்றில் புழுதி பறக்கும், நமக்குச் சேறுதான். தரையில் தட்டிவிட்ட பந்து நாலு அடி போய்த் தண்ணீரில் நின்றுவிடும். அதனால் எங்கள் பையன்கள் பந்தைத் தூக்கி அடித்தே பழகியவர்கள். கோல்கீப்பர் ஒரே உதையில் நடுக்கோட்டைத் தாண்டி அனுப்புவான், ரைட் விங் பையன் அதன் பின்னாலேயே ஓடுவான். வலய மட்டத்தில் எடுத்த கோல்களில் பாதி அப்படி வந்தவைதான்.

கண்டியில் அது பலிக்கவில்லை. ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே, கண்டி 500 மீற்றர் அளவில். மேலே காற்று லேசு, பந்து கொஞ்சம் கூடவே பறக்கும். கீழே அதே உதை கொஞ்சம் முன்னாலேயே விழுகிறது. பார்ப்பவனுக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் பந்துக்காக ஓடுகிறவன் ஓரிரு மீற்றர் தள்ளி நிற்க, நடுவில் நிற்கும் எதிராளி தலையால் தட்டி எடுத்துவிடுகிறான். அத்தோடு காய்ந்த சமதரையில் அவர்கள் பந்தைத் தரையோடு தட்டித் தட்டிக் கொண்டுவந்தார்கள். எங்கள் பிள்ளைகள் வெயிலில் களைத்துப் போனார்கள். நீ இருக்கிற நீலகிரிக் கோத்தகிரி இதைவிட உயரம், ஆகவே நான் சொல்வது உனக்குப் புரியும்.

கோச் நல்ல மனிதர், சம்பளம் என்று ஒன்றும் இல்லாமல் வருகிறார். அடுத்த வருஷம் போட்டிக்கு முன்னால் இரண்டு கிழமையாவது கீழே ஒரு மைதானத்தில் பயிற்சி வேண்டும் என்று அவரோடு பேசியிருக்கிறேன். கண்டி என்றால் எல்லாருக்கும் றக்பிதான். 1945இலிருந்து நடக்கிற பிராட்பி கேடய றக்பிப் போட்டிக்கு ஊரே திரளும். திரளட்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்களுக்கு விடியற்காலையில் இரண்டு மணித்தியாலம் ஒரு சமதரை கிடைத்தால் போதும்.

மச்சான், எனக்கு உண்மையில் முக்கியமான விஷயம் வேறு. இந்த டீமில் பாதிப்பேர் லயத்திலிருந்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவர்கள். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் கொழும்பில் கடைக்குப் போவதாக நாலைந்து பேர் சட்டைத்துணியை மடித்து வைத்திருந்தார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்தியது இந்தப் பந்துதான். வகுப்புக்கு வராதவன் பயிற்சிக்கு வரக் கூடாது என்று கோச் ஒரே பிடியாக நின்றார். ரைட் விங் பையன் மஸ்கெலியாப் பக்கம். அம்மா கொழுந்தெடுக்கிறார், அப்பா இல்லை. போன வருஷம் நாள் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது, ஆனாலும் ஒரு சோடி பூட்ஸ் வாங்கினால் அந்த அம்மாவின் ஒரு கிழமை உழைப்பு போய்விடும். பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தோம். பையன் வர்த்தகப் பிரிவில் படிக்கிறான், கணக்கியலில் கெட்டி. நவம்பரில் உயர்தரப் பரீட்சை.

பயம் எனக்கு இப்போதுதான். சீசன் முடிந்துவிட்டது, போட்டியும் இல்லை. பரீட்சை வரைக்கும் இந்த இரண்டு மாதத்தில்தான் பிள்ளைகள் நழுவுவார்கள். அதனால் கோச்சிடம் சொல்லிப் பயிற்சியை நிறுத்தாமல் வைத்திருக்கிறோம். செவ்வாயும் வியாழனும் பள்ளி விட்டதும் ஒரு மணித்தியாலம் பந்து, பிறகு அதே பிள்ளைகளுக்கு வகுப்பறையில் பாடம். கணக்கியலுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வருகிறார். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் மலைப்பாதையில் இருட்டில் நடக்க வேண்டும், அதற்குள் அனுப்பிவிடுகிறோம்.

போன வருஷம் செப்டம்பரில் நம்ம தேசிய அணி கம்போடியாவைப் பெனால்டியில் வென்றதே, பையன்கள் எல்லாரும் ஒரே போனைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அந்த டீமில் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர். நல்லாகத்தான் ஆடினார்கள், அவர்கள் வந்து ஆடட்டும். ஆனால் ஜேர்மனி வரைக்கும் போய்த் தேடுகிறவர்கள் ஒரு தடவை நம்ம பக்கத்து நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் வந்து பார்க்க வேண்டும். இதை எங்கே போனாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இனியும் சொல்வேன்.

உன்னிடம் ஒரு வேலை கேட்கிறேன். கோல்கீப்பர் இந்த வருஷத்தோடு விலகுகிறான். அடுத்தவன் பதினாறு வயதுப் பையன், உயரம் இருக்கிறது, கை நல்ல கை. மழையில் கோர்னர் அடித்தால்தான் தடுமாறுகிறான். வெளியே வருவதா, கோட்டிலேயே நிற்பதா என்று கடைசி வரைக்கும் முடிவெடுக்க மாட்டான். டன்பார் மைதானத்தில் கொட்டுகிற மழையில் நீ பந்தைப் பிடிக்கப் பார்க்காமல் இரண்டு கையாலும் குத்தி வெளியே தள்ளுவாயே, எந்த நேரத்தில் பிடிப்பது, எந்த நேரத்தில் குத்துவது என்று அப்போது எப்படி முடிவெடுத்தாய்? கால் எங்கே வைத்தாய்? அதை அப்படியே எழுதி அனுப்பு. போனில் பேசினால் பையன் கூச்சத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். எழுத்தில் இருந்தால் நான் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டி, கிரவுண்டில் செய்து பார்க்கச் சொல்வேன். ஒக்டோபர் மழைக்கு முன்னால் வந்து சேர்ந்தால் நல்லது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன் பழைய லெஃப்ட் பேக்