காசநோயாளியை ஒதுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

காசநோய் வந்தவரை வீட்டில் வைத்துக்கொள்ள இன்றும் பலர் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்துக்கு 1959-லேயே சென்னை பதில் சொல்லிவிட்டது. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய சிகிச்சை மையம், 193 ஏழை நோயாளிகளில் ஒரு பாதியினருக்குச் சானடோரியத்திலும் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) மறு பாதியினருக்கு வீட்டிலும் ஓராண்டு ஐசோனியசிட், பாஸ் (PAS) என்ற இரண்டு காசநோய் மருந்துகளைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான இடம், குறைந்த சாப்பாடு, போதிய ஓய்வும் இல்லை. ஆனாலும் குணமானோர் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. உடன் வாழ்ந்தவர்களுக்கும் அதனால் ஆபத்து கூடவில்லை. மருந்து தொடங்கும் முன்பே நோய் பெரும்பாலும் தொற்றியிருந்தது என்பதே காரணம்.

மருந்தைக் கொடுப்பது எளிது, விடாமல் சாப்பிட வைப்பதுதான் பாடு. பாஸை அன்று நிறைய விழுங்க வேண்டியிருந்தது, அது வயிற்றைப் புரட்டும். இருமல் நின்றதும் ‘சரியாகிவிட்டது’ என்று நிறுத்திவிடுவார்கள். கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். அதனால்தான் மருந்தை வாராவாரம் கொடுத்தார்கள், சொல்லாமல் வீட்டுக்குப் போய் மீதியை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். ஃபெரிக் குளோரைடு என்ற வேதிப்பொருளைச் சேர்த்ததும் சிறுநீரின் நிறம் மாறினால் பாஸ் உள்ளே போயிருக்கிறது என்று பொருள்.

மருந்து வாங்க வராதவரை அந்த வாரமே தேடிப்போக ஒவ்வொரு நகர்ப்புறச் சுகாதார நிலையத்திலும் ஆள் வேண்டும். காலிப் பணியிடங்களை மாநகராட்சி உடனே நிரப்பட்டும்.

– ஒரு வாசகர், சென்னை