1,240 ரூபாயை மட்டும் பிடிச்சு வைங்க சார்: ஒரு திறந்த மடல்

எங்க வங்கிக் கிளை மேனேஜர் அவர்களுக்கும், என் கணக்கை நிறுத்தச் சொல்லி மெயில் அனுப்பின, பேர் கூட எனக்குத் தெரியாத வெளிமாநில சைபர் கிரைம் ஆபீசர் அவர்களுக்கும்,

வணக்கம்.

கதையை மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லப் போறதில்ல சார். டோக்கன் எடுத்து உங்க முன்னாடி வந்து உக்காந்தப்போ எல்லாத்தையும் சொல்லியாச்சு, லெட்டராவும் குடுத்தாச்சு, ஒரு காப்பில உங்க ரவுண்டு சீல் கூட இருக்கு. ஊரப்பாக்கத்துல ஒருத்தர் என்கிட்ட ஒன்றரை அடி கிருஷ்ணர் பொம்மை வாங்கிட்டு யுபிஐல 1,240 ரூபாய் போட்டார், அந்த காசு எங்கயோ யாரையோ ஏமாத்தின பணத்தோட சங்கிலில வருதுன்னு உங்களுக்கு தகவல் வந்திருக்கு. சரி, வந்திருக்கலாம். அந்த 1,240 ரூபாயை பிடிச்சு வைங்க, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஆனா மொத்த அக்கவுண்டையும் எதுக்கு சார் பூட்டினீங்க, அதுவும் ஆவணி மாசத்துல, ஆன்லைன்ல கொலு பொம்மை விக்கறவளோட அக்கவுண்டை?

மத்த வியாபாரத்துக்கு பன்னெண்டு மாசம் இருக்கும், எங்களுக்கு ஆடிக் கடைசிலேர்ந்து மகாளய அமாவாசை வரைக்கும்தான். அன்னிக்கு வீட்ல படி கட்டிட்டாங்கன்னா அப்புறம் எவ்ளோ அழகான பொம்மையா இருந்தாலும் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னுடுவாங்க. மயிலாப்பூர் வடக்கு மாட வீதில கடை போட்டிருக்கவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, இதேதான் சொல்லுவாங்க. மிச்ச மாசம்லாம் முதல் போடற மாசம், இந்த ஒண்ணரை மாசம்தான் எடுக்கற மாசம். நீங்க பூட்டினது அந்த ஒண்ணரை மாசத்தை.

பூட்டினதுல ஒரு விசேஷம் பாருங்க, காசு உள்ள வரலாம், வெளிய போகக் கூடாது. அதுக்கு பேர் டெபிட் ஃப்ரீஸாம், கவுண்டர்ல இருக்க தம்பிதான் பொறுமையா சொல்லிக் குடுத்தார், அவர் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆர்டர் குடுத்தவங்க எல்லாம் பழைய க்யூஆர்லயே காசு போட்டுட்டு இருந்தாங்க, மெசேஜ் டிங் டிங்குனு வருது, பேலன்ஸ் ஏறுது, பபுள் ராப் ஒரு ரோல் வாங்க கையில காசு இல்ல.

இதுல எது ரொம்ப வலிச்சதுன்னு சொல்றேன். கோயம்புத்தூர்ல ஒரு அம்மா தசாவதார செட் வாங்கியிருந்தாங்க. பத்துல ஒம்பது நல்லா போய் சேந்துடுச்சு, வாமனர் மட்டும் குடை ஒடிஞ்சு, கையோட வந்துடுச்சு. இது எங்க தொழில்ல சகஜம், ஒடிஞ்சா மாத்து பொம்மை, இல்லன்னா அன்னிக்கே காசு திருப்பி, இதுதான் நான் ஆரம்பத்துலேர்ந்து வச்சிருக்க ஒரே கொள்கை, அதை வச்சுதான் எனக்கு திரும்பத் திரும்ப ஆர்டர் வருது. அந்த அச்சுல மாத்து வாமனர் கையில இல்ல, அதனால 450 ரூபாய் திருப்பி அனுப்பறேன்னு சொல்லிட்டு ஆப்பை திறந்தா போக மாட்டேங்குது. நெட்வொர்க் ப்ராப்ளம் போலன்னு நெனச்சேன், அவங்ககிட்டயும் அதையே சொன்னேன், மறுநாளும் அதையே சொன்னேன். அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. தெரிஞ்சதும் அவங்ககிட்ட என்னன்னு சொல்றது? "மேடம், என் அக்கவுண்டை சைபர் கிரைம்ல ஃப்ரீஸ் பண்ணியிருக்காங்க"ன்னு சொல்லிப் பாருங்களேன், யாராவது இவ நல்லவன்னு நெனப்பாங்களா? சொன்னேன். நெனக்கல. என் பேஜ்ல அத்தனை பேருக்கும் தெரியற மாதிரி ஃப்ராடுன்னு கமெண்ட் போட்டாங்க, உடைஞ்ச வாமனர் போட்டோவோட. அவங்க இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

அப்புறம் என் நாத்தனார் அக்கவுண்ட்லேர்ந்து அந்த 450ஐ அனுப்பி வச்சேன். அதுக்கு அந்தம்மா என்ன கேட்டாங்க தெரியுமா, "இது யாரு பேரு, இது எந்த காசு, இதை வாங்கினா என் அக்கவுண்டும் முடங்கிடுமா?" சிரிக்கறதா அழறதான்னே தெரியல சார். யோசிச்சுப் பாத்தா அவங்க கேட்டது நூத்துக்கு நூறு நியாயமான கேள்வி, ஏன்னா எனக்கு நடந்ததும் அதேதானே. யாரோ அனுப்பின காசை வாங்கினேன், முடங்கிட்டேன். அந்த ஊரப்பாக்கத்துக்காரருக்கு போன் பண்ணிக் கேட்டா அவரும் முழிக்கறார், யாருக்கோ குடுத்த கைமாத்து திரும்பி வந்துச்சு, அதுல பொம்மை வாங்கினேங்கறார். அந்த யாரோவுக்கு யார் குடுத்தாங்களோ.

ஏமாந்தவங்க 1930க்கு போன் பண்ணுவாங்க, புகார் பதிவாகும், காசு எந்தெந்த அக்கவுண்டுக்கு போச்சுன்னு ஒவ்வொரு பேங்க்கா தொரத்திட்டே போவாங்க, இந்த ஏற்பாடு எனக்குப் புரியுது. வேகமா நிறுத்தினாதான் காசு மிஞ்சும், அதுவும் புரியுது. அங்க ஒரு பென்ஷன்காரரோ யாரோ வாழ்நாள் சேமிப்பை விட்டிருக்கலாம், அவருக்கு என்கிட்ட வந்த 1,240ம் திரும்பக் கிடைக்கட்டும், மனசார சொல்றேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், திருடின 500 ரூபாய் நோட்டைக் குடுத்து ஒருத்தன் மாட வீதில பொம்மை வாங்கினா போலீஸ் அந்த நோட்டை எடுத்துட்டுப் போவாங்களா, இல்ல மொத்த கடைக்கும் சீல் வச்சுட்டு, கல்லாவையும் தூக்கிட்டு, வேற ஸ்டேட்டுக்கு வந்து பேசிக்கோன்னு சொல்லிட்டுப் போவாங்களா?

ஆமா, நேர்ல வரச் சொன்னாங்க. நீங்க ஒரு துண்டு பேப்பர்ல எழுதிக் குடுத்த நம்பருக்கு அடிச்சு அடிச்சு ஒரு வழியா எடுத்தாங்க, எனக்குத் தெரிஞ்ச ஹிந்தி டிவி விளம்பரத்துல கேட்ட ஹிந்திதான், அதை வச்சு பேசினதுல புரிஞ்சது இதுதான், டாக்குமெண்ட் எல்லாம் எடுத்துட்டு ஸ்டேஷனுக்கு வாங்க, விசாரிச்சுட்டு என்ஓசி, அதாவது ஆட்சேபம் இல்லன்னு ஒரு லெட்டர் தரோம். போக வர ரயில் டிக்கெட்டே அந்த 1,240ஐ தாண்டும் சார். மெயில் அனுப்பினேன், பில், ஆர்டர் சாட், கூரியர் டெலிவரி ஆன ப்ரூஃப், பேக்கிங் வீடியோ, சிறு தொழில் பதிவுக்கான உத்யம் சர்டிஃபிகேட், ஆதார், பான், எல்லாமே. பதில் இல்ல. உங்ககிட்ட வந்தா "மேலேர்ந்து வந்திருக்கு மா, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது"ங்கறீங்க. அந்த மேல எங்க இருக்குன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறீங்க.

எதிர் ஃப்ளாட்ல ஒரு வக்கீல் மாமா இருக்கார், அவர்தான் இதெல்லாம் சொன்னார். பேங்க் அக்கவுண்டும் சொத்துதான், போலீஸ் முடக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 1999லயே சொல்லிடுச்சாம், அதனால அவங்களுக்கு அதிகாரமே இல்லன்னு நான் சண்டைக்கு வரல. 2024 ஜூலைலேர்ந்து இது புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல, பிஎன்எஸ்எஸ் 106வது பிரிவுல இருக்கு, முடக்கினா உடனே மாஜிஸ்ட்ரேட்டுக்கு தெரிவிக்கணும்னு அதுலயே இருக்கு. அது மட்டும் இல்ல, எவ்வளவு தொகை, எவ்வளவு காலத்துக்குன்னு சொல்லாம ஒருத்தரோட முழு கணக்கையும் முடக்கக் கூடாது, அது அவங்க பிழைப்பையே கெடுக்கறதுன்னு நம்ம சென்னை ஹைகோர்ட்டே 2024ல சொல்லியிருக்கு. ஹைகோர்ட் இருக்க பாரிமுனை என்ன தூர தேசமா சார்? அங்க சொன்னது உங்க பிராஞ்சுக்கு வந்து சேர எவ்ளோ நாள் ஆகும்? அந்த மெயில்ல முழு அக்கவுண்டையும் நிறுத்துன்னு எழுதியிருக்கா, இல்ல 1,240ஐ நிறுத்துன்னு மட்டும்தான் எழுதியிருக்கா, அதையாவது காட்டுங்கன்னு கேட்டேன். கான்ஃபிடென்ஷியல்னீங்க. என் அக்கவுண்ட் பத்தின லெட்டர் எனக்கே கான்ஃபிடென்ஷியல்.

லாக்டவுன்ல 2020ல ஆரம்பிச்சது இந்த வேலை. ஒவ்வொரு சீசனும் ஒரு பாடம் சொல்லிக் குடுத்துச்சு, எல்லாம் கை சுட்டுதான் கத்துக்கிட்டேன். கூரியர்ல போறதுக்கு களிமண்ணை விட காகிதக்கூழ் பொம்மைதான் லாயக்கு, வெயிட்டும் கம்மி, உடையறதும் கம்மி. பெட்டி மேல "உடையக்கூடியது"ன்னு எவ்ளோ பெருசா எழுதினாலும் தூக்கிப் போடறவங்க தூக்கித்தான் போடுவாங்க, அதனால காப்பாத்தறது ஸ்டிக்கர் இல்ல, உள்ள திணிக்கற பேப்பர்தான். பேமெண்ட் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பறவங்களை நம்பக் கூடாது, அதைப் போலியா தயாரிக்கவே ஆப் இருக்கு, நம்ம அக்கவுண்ட்ல ஏறிச்சான்னு பாத்துட்டுதான் பெட்டியை ஒட்டணும். விலையை கமெண்ட்லயே சொல்லிடணும், இன்பாக்ஸ் வாங்கன்னா பாதி பேர் வர மாட்டாங்க. இதெல்லாம் என் கைக்குள்ள இருக்க விஷயம், தப்பு நடந்தா அடுத்த வருஷம் திருத்திக்கலாம். இப்ப நடந்ததுலேர்ந்து நான் என்னத்தை கத்துக்கறது, நீங்களே சொல்லுங்க. காசு போடறவங்ககிட்ட "இது உங்களுக்கு எப்படி வந்த காசு, அவருக்கு யார் குடுத்தாங்க"ன்னு விசாரிச்சுட்டு கிருஷ்ணரைக் குடுக்கணுமா? உங்ககிட்ட இவ்ளோ பெரிய சிஸ்டம் இருக்கு, உங்களுக்கே தெரியாம உங்க வழியாதான வந்துச்சு அந்த காசு, எனக்கு மட்டும் எப்படி தெரியும்?

தெரிஞ்சவங்க எல்லாம் சொல்ற யோசனை, வாங்கறதுக்கு ஒரு அக்கவுண்ட் வச்சுக்கோ, சாயந்தரம் ஆனா வேற பேங்குக்கு மாத்திடு, ஒரே எடத்துல காசு வைக்காத. இப்ப அப்படித்தான் பண்றேன், புதுசா வேற பேங்க்ல ஒண்ணு திறந்தாச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, நேர்மையா பொம்மை விக்கறவ தினமும் காசை ஒரு அக்கவுண்ட்லேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தி மாத்தி ஒளிச்சு வைக்கணும். இது யார் பண்ற வேலை சார்? நீங்க யாரைத் தேடறீங்களோ அவங்க பண்ற வேலைல்ல இது?

கொசப்பேட்டைல ஒரு பெரியவர்கிட்டதான் நான் சரக்கு எடுக்கறேன். தை மாசத்துலேர்ந்து குடும்பமே உக்காந்து அச்சு போட்டு, காய வச்சு, வர்ணம் அடிச்சு வச்சிருப்பாங்க. அட்வான்ஸ் குடுத்திருந்தேன், மிச்சம் அக்கவுண்ட்ல மாட்டிக்கிச்சு. அவர் "பரவால்ல கண்ணு, வித்துட்டு குடு"ன்னுட்டார். எந்த டாக்குமெண்டும் கேக்கல. வர்ணக் கடைக்கு அவர் பாக்கி இருக்குன்னு எனக்குத் தெரியும்.

இதுக்கு நடுவுல உங்க பேங்க்லேர்ந்தே ஒரு பொண்ணு போன் பண்ணி, "மேடம் உங்க அக்கவுண்ட் டிரான்ஸாக்ஷன் ரொம்ப நல்லா இருக்கு, உங்களுக்கு ப்ரீ அப்ரூவ்டு பிசினஸ் லோன் இருக்கு"ன்னுச்சு. குடு மா, ஆனா எந்த அக்கவுண்ட்ல போடுவன்னு கேட்டேன், இதுலயேதான் மேடம்னுச்சு. அடுத்த நாள் டூவீலர் லோன் இஎம்ஐ பவுன்ஸ், அதுக்கு அபராதம்னு மெசேஜ். அக்கவுண்டை பூட்டினது நீங்க, அதுலேர்ந்து காசு வரலன்னு அபராதம் போடறதும் நீங்க. மாசத்துக்கு 2000 கோடி யுபிஐ பரிவர்த்தனைன்னு பெருமையா பேப்பர்ல வருது, சந்தோஷம், ஆனா அந்த ரெண்டாயிரம் கோடில எதோ ஒண்ணு ஒரு சின்ன வியாபாரி தலைல விழுந்தா அவங்க யார்கிட்ட போய் நிக்கறதுன்னு ஒரு பெஞ்ச், ஒரு போன் நம்பர், ஒரு ஆள் யாரும் எனக்குக் காட்டல. உங்ககிட்ட எழுத்துல புகார் குடுத்து, நீங்க முடியாதுன்னு பதில் குடுக்கணும், இல்ல 30 நாள் பதில் வராம இருக்கணும், அப்பதான் பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற ஆர்பிஐ ஆம்புட்ஸ்மேன்கிட்டயே போக முடியும். 30 நாள்ல சரஸ்வதி பூஜையே முடிஞ்சுடும் சார்.

சரி, ரொம்ப பேசிட்டேன், வயித்தெரிச்சல்ல ஒண்ணு ரெண்டு வார்த்தை கூடுதலா வந்திருந்தா பொறுத்துக்கோங்க. கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. மேனேஜர் சார், அந்த 1,240 ரூபாயை மட்டும் எடுக்க முடியாதபடி லியன் போட்டுட்டு மிச்ச அக்கவுண்டை விடுங்க. அது உங்க அதிகாரத்துல இல்லன்னா, யார் அதிகாரத்துல இருக்கோ அவங்களுக்கு நீங்களே பேங்க் மூலமா எழுதிக் கேளுங்க, நான் ஒருத்தி அனுப்பற மெயிலுக்கு வராத பதில் உங்க மெயிலுக்கு வரலாம். இஎம்ஐ பவுன்ஸ் அபராதத்தையும் ரத்து பண்ணிடுங்க, அது உங்க அதிகாரத்துலதான் இருக்கு. ஆபீசர் சார், உங்களுக்கு தமிழ் தெரியாதுங்கறதால மாமாவை விட்டு இதையே இங்கிலீஷ்ல எழுதி கேஸ் நம்பரோட தனியா அனுப்பியிருக்கேன், வீடியோ கால்ல விசாரிக்கணும்னாலும் நான் தயார், எந்த நேரமா இருந்தாலும் சரி.

திங்கட்கிழமை காலைல பிராஞ்சுக்கு வரேன் சார். டோக்கன், தண்ணி எதுவும் வேணாம். முடியும்னாலும் சரி, முடியாதுன்னாலும் சரி, அதை சீல் போட்டு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க, தயவுசெஞ்சு.

இப்படிக்கு,
கொலு பொம்மை விக்கற உங்க வாடிக்கையாளர்,
மயிலாப்பூர், சென்னை