கேஸ் போகவில்லை, சென்சார்தான் போயிருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வீட்டுச் சாதனப் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையில், ‘ஃப்ரீசரில் பனி மண்டினால் கேஸ் குறைந்திருக்கலாம்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அந்த வரியை நம்பி எத்தனை பேர் நல்ல ஃப்ரிட்ஜைத் தள்ளிவிடப் போகிறார்களோ என்ற கவலையில் எழுதுகிறேன். போன சித்திரையில் நானும் அந்த முடிவுக்குப் போக இருந்தவள்.

எங்களுடையது பனி தானாகக் கரையும் வகை, இரட்டைக் கதவு, வாங்கி ஏழு வருடம். இட்லி மாவுதான் முதலில் காட்டிக்கொடுத்தது. காலையில் அரைத்து உள்ளே வைத்த மாவு சாயங்காலமே பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. மேலே ஃப்ரீசரில் ஐஸ் கல் மாதிரி இருக்கிறது. கீழ்த்தட்டில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 14 டிகிரி. அங்கேதான் அத்தையின் இன்சுலின் இருந்தது. பிரிக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அன்றிரவே எதிர்வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மாற்றினேன்.

முதலில் வந்த மெக்கானிக் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கேஸ் லீக், 4,000 ரூபாய் ஆகும் என்றார். இரண்டாவதாக வந்தவர் கம்ப்ரசரே போய்விட்டது, புதுசு வாங்கிவிடுங்கள் என்றார். இரண்டு பேரும் பின்பலகையைக் கழற்றவில்லை, மின்தடை அளக்கும் மீட்டரை வெளியே எடுக்கவில்லை.

என் தம்பி தூத்துக்குடியில் மீன் பதப்படுத்தும் ஆலையில் குளிர்சாதன வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃப்ரீசரின் பின்பலகையைக் கழற்றினான். உள்ளே கூலிங் காயிலே தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை வெள்ளையடித்த சுவர் போல உறைபனி. “கேஸ் குறைஞ்சிருந்தா ஒரு ஓரத்துலதான் பனி பிடிக்கும்க்கா, மிச்சக் காயில் வெறுமனே கிடக்கும். இது பூரா மூடியிருக்கு. குளிர் நல்லாத்தான் வருது, கீழ இறங்க வழியில்ல” என்றான்.

இந்த வகை ஃப்ரிட்ஜில் குளிர் உண்டாவது அந்தக் காயிலில் மட்டுமே. ஒரு சின்ன ஃபேன் அதைக் கீழே அனுப்புகிறது. காயிலில் படியும் பனியை அவ்வப்போது ஹீட்டர் உருக்கும். போதுமான அளவு உருகிவிட்டதா என்று, ஃப்ரிட்ஜை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்குச் சொல்வது, காயிலில் மாட்டியிருக்கும் மொச்சைக்கொட்டை அளவு சென்சார். அது தப்பாகச் சொன்னால் ஹீட்டர் சூடேறும் முன்பே நின்றுவிடும். நாளுக்கு நாள் பனி ஏறி, கடைசியில் காற்றுப் பாதையே அடைபட்டுப் போகும்.

கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ வைத்துப் பனியைக் குத்த அவன் விடவில்லை. காயில் மெல்லிய அலுமினியம். ஓட்டை விழுந்தால் கேஸ் நிஜமாகவே போய்விடும். இப்போது வரும் பெரும்பாலான ஃப்ரிட்ஜ்களில் இருக்கும் ஆர்600ஏ என்ற கேஸ் தீப்பிடிக்கக்கூடியதும்கூட. அதனால் கதவைத் திறந்துபோட்டு, துண்டுகளை விரித்து, ஒரு நாள் முழுக்கத் தானாக உருக விட்டோம்.

பிறகுதான் சோதனை. ஹீட்டர் நன்றாக இருந்தது, மீட்டரில் 350 ஓம் பக்கம் காட்டியது. சென்சாரைக் கழற்றி, நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் பத்து நிமிடம் போட்டு வைத்தான். எங்கள் சென்சார் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்ட வேண்டிய வகை. குளிரக் குளிர எண் ஏறி, ஐஸ் தண்ணீரில் 30-க்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். 7-லேயே நின்றது. ஐஸுக்குள் கிடந்துகொண்டு 33 டிகிரி வெயில் என்று போர்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது! உள்ளே ஈரம் இறங்கியிருந்தது. புதுசு 250 ரூபாய். வயர் இணைப்பில் தண்ணீர் புகாதபடி சுருங்கும் குழாய் போட்டு மூடினான். மறுநாள் காலை கீழ்த்தட்டு 4 டிகிரி. இன்றுவரை பனி கட்டவில்லை.

மாடலுக்கு மாடல் இந்த எண்கள் மாறும். பழைய மாடல்களில் சென்சாருக்குப் பதிலாக பைமெட்டல் தெர்மோஸ்டாட் இருக்கும்; குளிர்ந்தால் இணைந்து, சூடேறினால் துண்டித்துக்கொள்ளும் சுவிட்ச் அது. அறைச் சூட்டில் அதில் மீட்டர் எதுவும் காட்டாது, அது பழுதல்ல. ஃப்ரீசர் குளிரில் வைத்து எடுத்த பிறகே சோதிக்க வேண்டும். இது தெரியாமல் நல்லதைக் கழற்றி எறிகிறார்கள் என்று தம்பி வருத்தப்பட்டான்.

மீட்டர் இல்லாத வீட்டிலும் ஒன்று செய்யலாம். ஒரு நாள் முழுக்க ஃப்ரிட்ஜை அணைத்து, பனியை உருகவிட்டு, மறுபடி போடுங்கள். சில நாட்கள் நன்றாகக் குளிர்ந்து, பிறகு பழையபடி கீழே குளிர் குறைந்தால், கேஸுக்கு முன்னால் பனி உருக்கும் பாகங்களைத்தான் சந்தேகிக்க வேண்டும். பனியை உருகவிட்டதால் மட்டும் லீக்கான கேஸ் திரும்பி வராது.

எனக்கு ஆறாத வருத்தம் சர்வீஸ் சென்டர் மீதுதான். சென்சாரைத் தனியாகத் தரமாட்டோம், போர்டோடு சேர்த்துத்தான் என்றார்கள். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரிலேயே இணையதளம் தொடங்கியிருக்கிறது. ஆனால் 250 ரூபாய்ப் பொருளுக்கு நாங்கள் திருநெல்வேலியில் நான்கு கடை ஏறி இறங்கினோம்.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, முழுக்கப் பனி மூடிய காயிலையும் ஓரத்தில் மட்டும் பனி பிடித்த காயிலையும் பக்கத்தில் பக்கத்தில் படமாகப் போடுங்கள். பலகையைக் கழற்றச் சொல்லி மெக்கானிக்கிடம் கேட்க, பார்க்கிறவர்களுக்கு அதுவே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை